பொன்முடி அடிவாரத்து வீடும் கம்பளத் துப்புரவு இயந்திரமும்

இல்லற அறிவியல் பாடம்

வேலையின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து கேரளத்திற்கு வந்து குடியமரும் குடும்பங்கள் தம்முடன் கொண்டுவரும் பொருள்களுள் தரைவிரிப்பும் ஒன்று. பாட்டி காலத்துப் பவானி ஜமக்காளம், திருமணத்திற்கு வந்த பத்தமடைப் பாய், வரவேற்பறைக்கென்று ஆசையோடு வாங்கிய காஷ்மீரக் கம்பளம் என ஏதேனும் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். மதுரையிலும் கோவையிலும் ஆண்டுக்கணக்கில் குறையின்றிக் கிடந்த விரிப்பு, இங்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே ஒரு வகை ஈரவாடை வீசத் தொடங்குகிறது. அதைத் துப்புரவாக்க இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்ற எண்ணமும் அப்போதுதான் எழுகிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் தேயிலைத் தோட்டங்களும் மஞ்சும் நம்மை வரவேற்கும். சுற்றுலா வருபவருக்கு மஞ்சு கண்ணுக்கு விருந்து. அங்கேயே குடியிருப்பவருக்கோ துணி காயாத கவலை. 2008-இல் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் பொன்முடியின் அடிவாரமான விதுரையில் அமைந்துள்ளது. நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் 2007-இல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. இத்தகைய இடங்களில் பணியாற்றும் குடும்பங்களில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்வர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வர். வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பார். நேரம் குறைவு, அழுக்கு மிகுதி, வெயிலோ அரிது. இந்த மூன்றையும் மனத்திற்கொண்டு எந்த இயந்திரத்தைத் தேர்வது என்பதே இன்றைய பாடம்.

பாடத்தின் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஈரமான ஊரில் கம்பள இயந்திரத்தை அது எவ்வளவு நீரைப் பாய்ச்சுகிறது என்பதைக் கொண்டு மதிப்பிடக் கூடாது. பாய்ச்சிய நீரில் எவ்வளவைத் திரும்ப உறிஞ்சி எடுக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

1. முதலில் விரிப்பை அறிக

இயந்திரத்தைப் பற்றி விசாரிக்கும் முன் நம் வீட்டில் கிடப்பது எந்த நாரால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாருக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும்.

கம்பளி: இது விலங்கின் உரோமம், புரதப் பொருள். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும், தொட்டால் ஈரமில்லாதது போலவே இருக்கும். மேலே காய்ந்துவிட்டதாக நாம் எண்ணும்போது அடியில் ஈரம் இருப்பது இதனால்தான். சலவைச் சோடா போன்ற காரப் பொருள்கள் கம்பளியைக் கெடுக்கும். குளோரின் கலந்த வெளுப்பு நீர் கம்பளியைக் கரைத்தே விடும்.

பருத்தி: ஜமக்காளம் இவ்வகை. நனைந்தால் வலுக் கூடும் நார் இது. நீருக்கு அஞ்சாது, ஆனால் சுருங்கலாம், சாயம் போகலாம். ஜமக்காளத்திற்குப் பெரிய இயந்திரம் தேவையே இல்லை. துவைத்து, பிழிந்து, வெயிலில் உலர்த்தினால் போதும்.

தென்னைநார், சணல்: 1859-இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் முதல் கயிற்று நார்த் தொழிற்சாலையைத் தொடங்கிய நாள் முதல், கேரளத்தின் தென்னைநார் விரிப்புகள் உலகெங்கும் செல்கின்றன. இந்நாரை மிகுதியாக நனைத்தால் அதிலுள்ள பழுப்பு நிறப் பொருள் வெளியேறி மேற்பரப்பில் கறையாகப் படியும். ஆகவே தென்னைநார், சணல் விரிப்புகளின் மேல் நீர் பாய்ச்சும் இயந்திரத்தைக் கொண்டு செல்லவே கூடாது. தட்டுதல், உறிஞ்சுதல், வெயில் காட்டுதல் ஆகிய மூன்றுமே இவற்றிற்குரிய வைத்தியம். கோரைப் பாயும் இவ்வாறே.

விஸ்கோஸ்: கடைகளில் செயற்கைப் பட்டு என்ற பெயரில் பளபளப்பாக விற்கப்படுவது. நனைந்தால் வலுவிழக்கும். வட்டமாகச் சுழலும் தூரிகை பட்டால் பொலிவு போய்விடும்.

பாலிபுரொப்பிலீன், நைலான், பாலியெஸ்டர்: இன்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் விரிப்புகளில் பெரும்பாலானவை இவை. பாலிபுரொப்பிலீன் நார் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. நீர் இயந்திரத்திற்கு ஏற்றது. ஆனால் நார் உறிஞ்சாத நீர் அடிப்பகுதியில் தேங்கும் என்பதை மறக்கலாகாது. அடியில் சணலோ ரப்பர்ப் பாலோ பூசப்பட்டிருந்தால் அது காய்வதற்கு நாளாகும்.

விரிப்பின் பின்புறம் தைத்திருக்கும் துணிச்சீட்டில் நாரின் பெயர் இருக்கும். சீட்டு இல்லையெனில் விளிம்பிலிருந்து ஓர் இழையை எடுத்து எரித்துப் பார்க்கலாம். மயிர் கருகும் நாற்றம் வந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். உருகி மணியாக உறைந்தால் செயற்கை இழை. இதைப் பெரியவர்கள் மட்டுமே, இடுக்கியில் பிடித்து, வீட்டிற்கு வெளியே செய்ய வேண்டும்.

2. அழுக்கு மூவகை

கம்பளத்தில் சேரும் அழுக்கை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது உலர் அழுக்கு: மண், மணல், முடி, தோல் செதில், பிஸ்கட் துகள். அளவில் மிகுதியானது இதுவே. மணல் துகள்கள் இழைகளின் இடையே புகுந்து, நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அரம் போல அவற்றை அறுக்கின்றன. கம்பளம் நைந்து போவதற்கு முதற்காரணம் இது. இரண்டாவது ஒட்டும் அழுக்கு: எண்ணெய், பால், தேநீர், வெற்றிலைச் சாறு, குழந்தையின் சிறுநீர். இவற்றிற்கு நீரும் சோப்பும் வேண்டும். மூன்றாவது உயிருள்ள அழுக்கு: பூஞ்சணமும் தூசிச் சிற்றுண்ணியும்.

இந்த மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகக் காண வேண்டும். தூசிச் சிற்றுண்ணி என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான உயிர். நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களே அதன் உணவு. அது நீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலுக்குள் வாங்கிக்கொள்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் தொடர்ந்து 50 விழுக்காட்டிற்குக் கீழே இருந்தால் அது வாழ இயலாது. 75 விழுக்காட்டை ஒட்டினால் செழித்துப் பெருகும். அதன் கழிவே பலருக்கு மூக்கடைப்பையும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பையும் தூண்டுகிறது. நம் மலையடிவாரத்துக் காற்று மழைக்காலம் முழுவதும் அந்தச் சிற்றுண்ணிக்கு விருந்து வைக்கிறது. அதனோடு சரியாகக் காயாத கம்பளமும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கம்பளத்தை ஈரமாகவே விட்டுவிடும் இயந்திரம் இரண்டாம் வகை அழுக்கை நீக்கி மூன்றாம் வகை அழுக்கை வளர்க்கிறது. வீட்டில் இழுப்பு உள்ள குழந்தை இருந்தால், காசு கொடுத்து நோயை வாங்கியதாகவே முடியும்.

3. இயந்திரம் வந்த வரலாறு

1876-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிசல் என்பவர், பெட்டிகளிலிருந்து சிந்திய மரத்தூள் கம்பளத்தில் சிக்கிக்கொள்வதைக் கண்டு, சக்கரத்தோடு சுழலும் தூரிகைப் பெட்டியை வடிவமைத்தார். மின்சாரம் தேவைப்படாத கருவி அது. 1889-இல் அவர் மறைந்த பின் அவர் மனைவி அன்னா பிசல் நிறுவனத்தை ஏற்று நடத்தினார்.

1901-இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் சிசில் பூத் என்னும் பொறியாளர் தூசியை ஊதித் தள்ளாமல் உறிஞ்சி எடுக்கும் பெரிய இயந்திரத்தை உருவாக்கினார். குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும் அந்த இயந்திரத்திலிருந்து நீண்ட குழாய்கள் சன்னல் வழியே வீட்டிற்குள் செல்லும். 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவிற்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயக் கம்பளங்களை அவரது இயந்திரமே துப்புரவு செய்தது.

வீட்டிற்குள் அடங்கும் சிறிய இயந்திரத்தை அளித்தவர் ஜேம்ஸ் ஸ்பேங்ளர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கடை ஒன்றில் துப்புரவுப் பணியாளர். பெருக்கும்போது எழும் தூசி அவருடைய ஆஸ்துமாவை மிகுவித்தது. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து ஒரு கருவி செய்து 1908-இல் காப்புரிமை பெற்றார். ஹூவர் குடும்பத்தார் அதை வாங்கி உலகெங்கும் பரப்பினர். மூச்சுத் திணறலிலிருந்து தப்பிக்கப் பிறந்த இயந்திரம் இது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் நலம். இந்தியாவில் 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வீடு வீடாகச் சென்று செய்து காட்டியதால் வாக்குவம் கிளீனர் என்ற சொல் நம் குடும்பங்களுக்குப் பழக்கமாயிற்று.

4. இன்று கிடைக்கும் வகைகள்

(அ) உலர் உறிஞ்சி: வழக்கமான வாக்குவம் கிளீனர். முதல் வகை அழுக்கிற்கு இதுவே முதன்மையானது. இழை உயரமான கம்பளமாயின் மின்னாற்றலால் சுழலும் தூரிகைத் தலை உள்ளதைத் தேர்க. கையால் முடிச்சிட்ட கம்பளத்திற்கும், சுருள் இழைக் கம்பளத்திற்கும் தூரிகையை நிறுத்தும் வசதி வேண்டும்.

(ஆ) ஈரமும் உலர்வும் உறிஞ்சும் வகை: உருளை வடிவத் தொட்டி கொண்டது. சிந்திய நீரையும் உறிஞ்சும். ஆனால் நீரைத் தானே பாய்ச்சாது. நீர் உறிஞ்சும் முன் உள்ளிருக்கும் துணிப்பையையோ காகித வடிகட்டியையோ கழற்றிவிட வேண்டும். பலரும் மறந்து பழுதாக்கும் இடம் இது.

(இ) தெளித்து உறிஞ்சும் வகை: கம்பளத் துப்புரவு இயந்திரம் என்று சிறப்பாகச் சொல்லப்படுவது இதுவே. ஒரு தொட்டியில் சோப்பு கலந்த நீர். அது கம்பளத்தில் தெளிக்கப்படும். உடனே அதே தலைப்பகுதி அழுக்கோடு நீரை உறிஞ்சி மற்றொரு தொட்டியில் சேர்க்கும். சுடுநீர் ஊற்றும் வகையை ஆவித் துப்புரவு என்று விளம்பரங்களில் அழைப்பதுண்டு. உண்மையில் அதில் ஆவி இல்லை. நிமிர்ந்து நிற்கும் பெரிய வகை, கையில் தூக்கும் சிறிய வகை என இரண்டு உண்டு.

(ஈ) ஆவிக் கருவி: சூடான நீராவியை வீசும், அழுக்கை உறிஞ்சாது. ஓடு பதித்த தரைக்கும் குளியலறைக்கும் ஏற்றது. கம்பளத்திற்கு இதை மட்டும் நம்பக் கூடாது.

(உ) தானாகச் சுற்றும் எந்திரன் வகை: வெறுந்தரையில் தினசரித் தூசிக்கு உதவும். அடர்ந்த கம்பளத்தின் அடியிலுள்ள மணலை இழுக்கும் வலு இவற்றில் குறைவு. ஈரத்துணி பொருத்திய வகையாயின் கம்பளத்தின் மேல் ஏறும்போது துணியைத் தூக்கிக்கொள்ளும் வசதி உண்டா என்று கேட்க வேண்டும்.

5. காற்று எவ்வளவு நீரைச் சுமக்கும்? ஒரு சிறு கணக்கு

கம்பளத்தில் தங்கிய நீர் எங்கே போகும்? காற்றில்தான் கலக்க வேண்டும். காற்றோ ஓரளவிற்கு மேல் நீரைச் சுமக்காது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம் மட்டுமே.

பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் ஏறத்தாழ 28 கன மீட்டர் காற்று இருக்கும். அந்த அறை மதுரையில், 30 பாகை வெப்பத்திலும் 60 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருப்பதாகக் கொள்வோம். இன்னும் 40 விழுக்காட்டிற்கு இடம் இருக்கிறது. அதாவது கன மீட்டருக்கு 12 கிராம். அறைக்காற்று முழுவதும் சேர்ந்து சுமார் 340 கிராம் நீரை வாங்கும்.

அதே அறை பொன்முடியில், மஞ்சு மூடிய நாளில், 20 பாகை வெப்பத்திலும் 95 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருப்பதாகக் கொள்வோம். எஞ்சிய இடம் 5 விழுக்காடு. கன மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. அறைக்காற்று முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 24 கிராம் மட்டுமே வாங்கும்.

கம்பளத்தில் ஒரு லிட்டர், அதாவது 1,000 கிராம் நீர் தங்கிவிட்டது என்று வையுங்கள். மதுரையில் அறைக்காற்று மூன்று முறை மாறினால் கணக்கு முடிந்தது. பொன்முடியில் நாற்பது முறைக்கு மேல் மாற வேண்டும். மாறி வரும் வெளிக்காற்றும் அதே ஈரத்தோடுதான் வரும். மலையில் விரிப்பு காயாததற்கு நம் சோம்பலோ இயந்திரத்தின் விலையோ காரணமன்று. காற்றில் இடமில்லை என்பதே காரணம்.

நனைந்த பொருள்களை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. அந்த எல்லைக்குள் உலர்த்த முடியாத நாளில் கம்பளத்தை நனைக்கவே கூடாது.

6. கடையில் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, மீட்சி. விற்பனையாளர், "சேச்சி, இது 2000 வாட்டாக்கும்" என்று சொல்லித் தொடங்குவார். நாம் கேட்க வேண்டியது வேறு: "தம்பி, ஒரு லிட்டர் தெளித்தால் எவ்வளவு திரும்ப வரும்? நம் வீட்டுக் கம்பளத்திலேயே செய்து காட்டுங்கள்." செய்து காட்டும்போது நல்ல நீர்த் தொட்டியில் அளந்து ஊற்றச் செய்யுங்கள்; முடிந்தபின் அழுக்கு நீர்த் தொட்டியில் சேர்ந்ததை அளந்து பாருங்கள். ஐந்து லிட்டர் ஊற்றி நான்கு லிட்டர் திரும்பினால் ஒரு லிட்டர் கம்பளத்தில் தங்கியது. இவ்வூர்க் காற்றிற்கு ஐந்தில் நான்கு பங்கேனும் திரும்பாத இயந்திரத்தை வாங்க வேண்டாம் என்பதே இப்பாடத்தின் அறிவுரை. சோதனை முடிந்ததும் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். துண்டு சொட்டச் சொட்ட நனைந்தால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டாவது, வாட் என்ற எண்ணின் பொருள். வாட் என்பது இயந்திரம் உண்ணும் மின்சாரம். செய்யும் வேலை அன்று. ஐரோப்பிய ஒன்றியம் உலர் உறிஞ்சிகளின் மின்திறனை 2014-இல் 1,600 வாட்டாகவும், 2017-இல் 900 வாட்டாகவும் கட்டுப்படுத்தியது; அதற்குள் அடங்கியும் நன்றாகத் துப்புரவு செய்யும் இயந்திரங்கள் அங்கே விற்பனையாகின்றன. உறிஞ்சும் வலுவைக் கிலோ பாஸ்கல் என்ற அளவிலும், காற்றோட்டத்தை நொடிக்கு இத்தனை லிட்டர் என்ற அளவிலும் குறிப்பிடுவர். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது உறிஞ்சும் திறன். கையேட்டில் இவ்விரண்டும் உள்ளனவா என்று பாருங்கள்.

மூன்றாவது, மின்னிணைப்பு. 1,600 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் சொருகக் கூடாது; 16 ஆம்பியர் பிளக் வேண்டும். வரவேற்பறையில் அத்தகைய பிளக் எங்கே உள்ளது, கம்பி அங்கிருந்து எட்டுமா என்று முதலில் வீட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள். நீரும் மின்சாரமும் சேரும் கருவியாதலால் எர்த் இணைப்பு சரியாக இருப்பதோடு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் வீட்டில் இருப்பது இன்றியமையாதது.

நான்காவது, வடிகட்டி. உறிஞ்சிய காற்று பின்புறமாக வெளியேறும். வடிகட்டி சரியில்லையெனில் நுண்தூசி மீண்டும் அறைக்குள் வரும். ஹெப்பா என்னும் தர வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும். இழுப்பு உள்ளவர் வீட்டில் இது ஆடம்பரம் அன்று. பையில்லாத வகையாயின் தொட்டியைக் கொட்டும்போது தூசி எழும். அதை வெளியே, நோயில்லாத வேறொருவர் செய்ய வேண்டும்.

ஐந்தாவது, எடையும் கழுவும் எளிமையும். நீர் நிரப்பிய பின் எத்தனை கிலோ? ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதை நினைவிற்கொண்டு தூக்கிப் பாருங்கள். அழுக்கு நீர்த் தொட்டிக்குள் கை நுழையுமா? தூரிகையைக் கழற்ற முடியுமா? கழுவ முடியாத தொட்டியில் நம் ஈரக்காற்றில் இரண்டே நாளில் வழுவழுப்பும் நாற்றமும் பிடிக்கும்.

ஆறாவது, பழுது பார்ப்பு. இயந்திரத்திற்குத் திருவனந்தபுரத்தில் சேவை மையம் உண்டா, ரப்பர் வளையம், குழாய், தூரிகை தனியே கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழுதான கருவியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டிய நிலை நமக்கு ஆகாது.

7. வேலை மிகுந்த குடும்பத்திற்கு எது பொருந்தும்?

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கொள்வோம். பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்பவர். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். வெற்றிலை போடும் பாட்டி ஒருவர். வாசலில் ஒரு நாய். வரவேற்பறையில் ஆறடிக்கு ஒன்பதடிச் செயற்கை இழை விரிப்பு ஒன்று, படுக்கையறையில் ஜமக்காளம், வாசலில் தென்னைநார்க் கால்மிதி.

இக்குடும்பம் பெரிய தெளித்து உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்கினால் என்னாகும்? எடுத்து வைக்க, நீர் நிரப்ப, வேலை செய்ய, தொட்டியைக் கழுவ, தூரிகையில் சிக்கிய முடியை நீக்க, விரிப்பை உலர்த்த என ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இரண்டு மாதத்தில் இயந்திரம் பரணில் ஏறும். அது ஆறடி விரிப்புக்கான வழியன்று.

இக்குடும்பத்திற்குரிய வரிசை இது. முதலில், நல்ல வடிகட்டியும் சுழல் தூரிகையும் கொண்ட உலர் உறிஞ்சி. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். இரண்டாவதாக, வசதி இருப்பின், கையில் தூக்கும் சிறிய தெளித்து உறிஞ்சும் கருவி. பால் கொட்டிய இடம், வெற்றிலைக் கறை, நாய் அசுத்தம் செய்த இடம் ஆகியவற்றை மட்டும் உடனுக்குடன் நீக்க. ஒரு சாண் இடம் நனைந்தால் ஓர் இரவில் காயும். முழு விரிப்பும் நனைந்தால் காயாது. மூன்றாவதாக, ஆண்டிற்கு ஒருமுறை முழுத் துப்புரவு. அதற்கு இயந்திரத்தைச் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. தொழிலாகச் செய்வோரை அழைக்கலாம்.

பெரிய இயந்திரம் யாருக்குத் தேவை? சுவருக்குச் சுவர் கம்பளம் பதித்த வீடு, பல அறைகளில் செயற்கை இழைக் கம்பளம் உள்ள வீடு, விருந்தினர் தங்கும் விடுதி ஆகியவற்றிற்கே. அப்படிப்பட்டவர்கள் அதனோடு ஈரம் நீக்கும் கருவி ஒன்றையும் சேர்த்து வாங்குவது நன்று. மலைமேல் உள்ள வீட்டிற்கோ, இருக்கும் பணத்தில் ஒன்றுதான் வாங்க இயலும் என்றால், ஈரம் நீக்கும் கருவிக்கே முதலிடம் தரலாம். அது விரிப்பை மட்டுமன்றிப் புத்தகங்களையும் பட்டுப் புடவைகளையும் சேர்த்துக் காக்கும்.

இழுப்பு உள்ள குழந்தையின் படுக்கையறையில் கம்பளமே வேண்டாம். உலர் உறிஞ்சியால் தூசியையும் கழிவையும் ஓரளவு நீக்க முடியும். இழைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் உயிருள்ள சிற்றுண்ணிகளை முற்றிலும் நீக்க முடியாது. அவ்வறைக்கு வாரந்தோறும் துவைக்கக்கூடிய ஜமக்காளமே தகும். 60 பாகை வெப்ப நீரில் துவைத்தால் சிற்றுண்ணி மடியும். சாயம் தாங்குமா என்று ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்ன மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது.

8. பயன்படுத்தும் முறை

நாளைத் தேர்க. இடவப்பாதி தொடங்கி ஆடி முடியவும், பிறகு துலாவர்ஷம் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையிலும் முழு விரிப்பை நனைக்க வேண்டாம். தை, மாசி மாதங்களே இதற்குரியவை. அப்போதும் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

முதலில் உலர் உறிஞ்சி கொண்டு மேலும் கீழும், பிறகு குறுக்காகவும் மெல்ல இழுங்கள். மணல் உள்ளபோது நீர் பாய்ச்சினால் சேறுதான் மிஞ்சும். மறைவான மூலையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். சோப்பை நிறுவனம் சொன்ன அளவிற்குக் கூடுதலாகக் கலக்காதீர்கள்; எஞ்சிய சோப்பு பசை போல ஒட்டி அடுத்த வாரமே தூசியை இழுக்கும். ஒரு முறை தெளித்து இழுத்தால், தெளிக்காமல் மூன்று முறை வெறுமனே உறிஞ்சி இழுங்கள். இதுவே தங்கும் நீரைக் குறைக்கும் எளிய வழி.

பின்பு விரிப்பைத் தரையில் கிடத்தாமல், இரண்டு நாற்காலிகளின் மேலோ கொடிக் கயிற்றிலோ போடுங்கள். மின்விசிறியை ஓடவிடுங்கள். 75 வாட் மின்விசிறி பன்னிரண்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டிற்குச் சற்றுக் குறைவுதான். வெயில் உள்ளபோது சன்னலைத் திறவுங்கள். மஞ்சு இறங்கினால் மூடிவிடுங்கள். மஞ்சு நேரத்தில் சன்னலைத் திறந்து வைப்பது ஈரத்தை வீட்டிற்குள் அழைப்பதாகும்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றும் நம் வழக்கம் எந்த இயந்திரத்தையும் விடச் சிறந்த துப்புரவு முறை. நல்ல தென்னைநார்க் கால்மிதி ஒன்றை வாசலில் போட்டு, வாரம் ஒருமுறை தட்டி வைத்தால், கம்பளத்திற்கு வர வேண்டிய மணலில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடும். இப்பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். இயந்திரம் இழுப்பதை வீட்டின் ஆண்களும் பழகிக்கொள்வது நன்று. இல்லத்தரசியின் முதுகிற்கு மட்டும் எழுதப்பட்ட வேலை அன்று அது.

பாடச் சுருக்கம்

நாரை அறிந்த பின் இயந்திரத்தைத் தேடுக. உலர் அழுக்கை முதலில் நீக்குக. வாட் எண்ணை நம்பாது, நீர் மீட்சியை அளந்து பார்க்க. 16 ஆம்பியர் பிளக்கும் கசிவுப் பாதுகாப்பும் உறுதி செய்க. இரண்டு நாளில் காய வைக்க முடியாத பருவத்தில் நனைக்காதிருக்க. இழுப்பு உள்ளவர் அறையில் கம்பளம் தவிர்க்க.

பயிற்சி

1. உங்கள் வீட்டு விரிப்புகளை எண்ணி, ஒவ்வொன்றின் நாரையும் எழுதுக. அவற்றுள் நீர் பாய்ச்சக் கூடாதவை எவை?

2. ஓர் இயந்திரத்தில் 3 லிட்டர் நீர் ஊற்றப்பட்டது. 2 லிட்டர் 100 மில்லி திரும்ப வந்தது. மீட்சி எத்தனை விழுக்காடு? இதை வாங்கலாமா? (விடை: 70 விழுக்காடு, வாங்க வேண்டாம்.)

3. 1,600 வாட் இயந்திரம் அரை மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும்? (விடை: 0.8 யூனிட்.)

4. ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வரவேற்பறையில் தொங்கவிட்டு, ஒரு மாதம் காலையும் மாலையும் குறித்து வருக. எந்த நாள்களில் கம்பளத்தை நனைக்கலாம் என்பதை அந்த ஏடே உங்களுக்குச் சொல்லும். விலை குறைந்த இக்கருவியை முதலில் வாங்கிவிட்டு, பெரிய இயந்திரத்தைப் பற்றி அடுத்த தை மாதத்தில் முடிவு செய்யலாம்.